மார்க்கும் டிகிரியும் தாண்டி கல்வின்னா உண்மையில என்ன?

கேள்வி இதுதான்: ஒருத்தர் நல்லா படிச்சு, நல்ல மார்க் வாங்கி, டிகிரியும் முடிச்சிட்டா அவர கல்வி கற்றவர்னு சொல்லிடலாமா, இல்ல கல்விங்கறது அதுக்கும் மேல ஏதாவதா, மேலன்னா அது என்ன? இதுக்கு வழக்கமா வர்ற பதில் ஒழுக்கம்தான் உண்மையான கல்வி, அனுபவம்தான் பெரிய பள்ளிக்கூடம் மாதிரி ஒரே வரியா இருக்கும். அது பொய்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த ஒரு வரிய வச்சிக்கிட்டு ஒரு அப்பா அம்மாவோ ஒரு டீச்சரோ நாளைக்கு காலைல எழுந்து என்ன மாத்தி செய்யணும்னு தெரிஞ்சிக்கவே முடியாது. நான் பல வருஷமா பசங்களுக்கு ஃபிசிக்ஸ் சொல்லித்தர்றேன், இந்த கேள்வி என்கூடவே இருக்கற கேள்வி, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

என்னோட கருத்த முதல்லயே சொல்லிடறேன். ஒரு மனுஷனுக்கு தெரிஞ்ச விஷயம் ஒரு பக்கம் இருக்கு, அவன் உலகத்த பாக்கற விதம், யோசிக்கற விதம், அடுத்தவங்க கிட்ட நடந்துக்கற விதம் இன்னொரு பக்கம் இருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி எப்பவும் இருக்கும், நல்லா படிச்சவங்க கிட்ட சில சமயம் இன்னும் பெருசாவே இருக்கும். அந்த இடைவெளி குறைய குறைய ஒருத்தர் கல்வி கற்கறார்னு அர்த்தம். சிலபஸ் முடிக்கறது அதுக்கு வேண்டிய சரக்க சேக்கற வேலை. அது கட்டாயம் வேணும், ஆனா அதோட வேலை முடிஞ்சிடல.

முதல்ல அறிவுப் பக்கத்துல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா "படிப்புல கெட்டிக்காரன், ஆனா பண்பு இல்ல"ன்னு மட்டும் நாம பிரிச்சு பேசறோம், படிப்புக்குள்ளயே இந்த இடைவெளி இருக்கறத யாரும் பாக்கறதில்ல. ரிச்சர்ட் ஃபெய்ன்மன்னு ஒரு அமெரிக்க ஃபிசிக்ஸ் விஞ்ஞானி 1950கள் ஆரம்பத்துல பிரேசில்ல கொஞ்ச காலம் பாடம் எடுத்தாரு. அங்க இருந்த மாணவர்கள் கேள்வி கேட்டா டக்குனு பதில் சொல்லுவாங்க, ப்ரூஸ்டர் ஆங்கிள்னா என்னன்னு கேட்டா வரி பிசகாம ஒப்பிப்பாங்க, ஒரு ஊடகத்தோட பரப்புல எந்த கோணத்துல எதிரொளிக்கற வெளிச்சம் முழுசா போலரைஸ் ஆகும், அதாவது ஒளி அலை ஒரே திசைல மட்டும் அதிரும்னு கரெக்டா வரும். சரின்னு அவர், போலரைஸ் ஆன வெளிச்சத்த திருப்பற கோணத்துக்கு ஏத்த மாதிரி விடவோ மறைக்கவோ செய்யற போலராய்ட் தகடு வழியா வெளிய தெரியற கடல் தண்ணிய பாக்க சொன்னா, ஏன் அத பாக்கணும்னே யாருக்கும் புரியல. தண்ணில பட்டு கண்ணுக்கு வர்ற வெளிச்சமும் அவங்க ஒப்பிச்ச அந்த "எதிரொளிக்கற வெளிச்சமும்" ஒண்ணுதான்னு தோணவே இல்ல. தகட்ட திருப்பி பாத்த அப்புறம்தான் அட இது போலரைஸ் ஆகியிருக்கேன்னு ஆச்சரியப்பட்டாங்க. அவங்க பாடப்புத்தகத்துல ட்ரைபோலூமினசன்ஸ்னா படிகங்கள நசுக்கும்போது வர்ற வெளிச்சம்னு ஒரு வரி இருந்துச்சாம், அத படிச்சிட்டு எந்த மாணவனும் வீட்டுக்கு போய் எதையும் செஞ்சு பாக்கப்போறதில்ல, அதுவே இருட்டுல ஒரு சர்க்கரை கட்டிய இடுக்கியால நசுக்கினா நீல கலர்ல ஒரு மின்னல் தெரியும்னு எழுதியிருந்தா எவனாவது ஒருத்தன் செஞ்சு பாத்திருப்பான்னு அவர் அங்க இருந்த பேராசிரியர்கள் முன்னாடியே சொன்னாரு.

இதுல அந்த பசங்கள குறை சொல்ல ஒண்ணுமில்ல, ராத்திரி பகலா படிச்சவங்கதான் அவங்க. அவங்களுக்கு கிடைச்ச பயிற்சி அப்படி, வார்த்தைக்கு வார்த்தை பதில் சொல்ற பயிற்சி, வார்த்தைல இருந்து உலகத்துக்கு போற பயிற்சி இல்ல.

இது ஏதோ ஒரு நாட்டு பிரச்சனை, பழைய காலத்து பிரச்சனைன்னு நினைக்க வேண்டாம். 1987ல ஹார்வர்ட் பட்டமளிப்பு விழா அன்னிக்கு அங்க இருந்தவங்க 23 பேர் கிட்ட, பட்டம் வாங்கினவங்க, பழைய மாணவர்கள், பேராசிரியர்கள்னு கலந்து, கோடை குளிர்னு பருவகாலம் ஏன் மாறுது, இல்ல நிலா ஏன் தேஞ்சு வளருதுன்னு கேட்டாங்க. 21 பேர் சரியா சொல்லல. பருவகாலத்துக்கு, பூமி சூரியனுக்கு கிட்ட போனா வெயில், தூர போனா குளிர்ங்கறதுதான் பெரும்பாலும் வந்த பதில். உண்மைல பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட இருக்கறது ஜனவரி ஆரம்பத்துல, வட பாதி உலகம் குளிர்ல இருக்கற சமயம், காரணம் பூமியோட அச்சு சாஞ்சு இருக்கறதுதான். இத எல்லாரும் ஸ்கூல்ல படிச்சிருப்பாங்க, எக்ஸாம்ல சரியா எழுதியும் இருப்பாங்க. ஆனா சின்ன வயசுல நெருப்பு கிட்ட போனா சுடும்னு உடம்பு கத்துக்கிட்ட ஒரு விஷயம் உள்ள இருக்கு பாருங்க, ஸ்கூல் பாடம் அத தொடவே இல்ல, அதுக்கு மேல போய் உக்காந்துக்கிச்சு, எக்ஸாம் முடிஞ்சதும் எறங்கி போயிடுச்சு.

அதே ஹார்வர்ட்ல எரிக் மஸூர்னு ஒரு ஃபிசிக்ஸ் பேராசிரியர். மாணவர்கள் கிட்ட நல்ல பேரு, பசங்க கஷ்டமான கணக்கெல்லாம் போடறாங்க, அதனால நல்லாதான் சொல்லித்தர்றோம்னு இருந்தாரு. அப்புறம் கணக்கே இல்லாத ரொம்ப சாதாரண கேள்விகள் இருக்கற ஒரு டெஸ்ட்ட அவர் மாணவர்களுக்கு குடுத்தாரு, பெரிய லாரியும் சின்ன காரும் மோதினா எது எது மேல அதிக விசை குடுக்கும்ங்கற மாதிரி கேள்விங்க. அப்ப ஒரு மாணவி எழுந்து, இதுக்கு நீங்க சொல்லித்தந்த மாதிரி பதில் எழுதணுமா, இல்ல நான் நிஜமா நினைக்கறத எழுதணுமான்னு கேட்டாங்க. எனக்கு தெரிஞ்சு கல்வி பத்தி கேக்கப்பட்ட கேள்விகள்லயே நேர்மையான கேள்வி இதுதான். மண்டைக்குள்ள ரெண்டு அலமாரி வச்சிருக்கோம், ஒண்ணு எக்ஸாமுக்கு, ஒண்ணு வாழ்க்கைக்கு, நடுவுல கதவு கிடையாது. மஸூர் அதுக்கு அப்புறம் பாடம் எடுக்கற விதத்தையே மாத்தினாரு, ஒரு கேள்வி போட்டு முதல்ல தனியா பதில் யோசிக்க சொல்லி, அப்புறம் பக்கத்துல இருக்கறவங்க கிட்ட ஏன் அப்படின்னு பேசி ஒத்துக்க வைக்க சொல்லுவாரு. பேசும்போது ரெண்டாவது அலமாரில இருக்கறது வெளிய வந்தே ஆகணும், வெளிய வந்தாதான் அத மாத்த முடியும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. எக்ஸாம்ல கேள்வி எப்பவும் கேள்வி மாதிரியே வரும். எந்த பாடம், எந்த யூனிட், எத்தன மார்க்குன்னு சேத்தே வரும், தேவையான தகவல் எல்லாம் உள்ளயே இருக்கும், தேவையில்லாதது ஒண்ணு கூட இருக்காது, ஒரே ஒரு சரியான விடை இருக்கும். வாழ்க்கைல கேள்வி அப்படி வராது. ஒரு கடன் பத்திரத்துல கையெழுத்து போட சொல்லி ஒருத்தர் சிரிச்ச முகத்தோட நீட்டும்போது அது ஒரு வட்டி கணக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வாட்ஸ்அப்ல வர்ற ஒரு மருத்துவ செய்தில, "பத்து பேருக்கு குணமாச்சு"ன்னு இருந்தா, அது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாடத்துல படிச்ச சேம்பிள் சைஸ், அதாவது எத்தன பேர வச்சு சோதிச்சாங்கங்கற கேள்வின்னு மேல தலைப்பு போட்டிருக்காது. இங்க ஒரு கேள்வி இருக்குன்னு கவனிக்கறதே பாதி கல்வி, அந்த பாதிக்கு எந்த எக்ஸாம்லயும் மார்க் கிடையாது, ஏன்னா எக்ஸாம் அந்த வேலைய நமக்காக செஞ்சு குடுத்துடுது.

இப்ப பண்புப் பக்கம் வர்றேன். 1942 ஜனவரி 20 அன்னிக்கு பெர்லினுக்கு வெளிய வான்ஸேங்கற இடத்துல 15 நாஜி அதிகாரிகள் ஒரு மாளிகைல கூடினாங்க, ஐரோப்பா முழுக்க இருக்கற யூதர்கள அழிக்கற திட்டத்த அரசாங்கத்தோட பல துறைகளும் சேந்து எப்படி நடத்தறதுன்னு பேச. அந்த 15 பேர்ல 8 பேர் டாக்டர் பட்டம் வாங்கினவங்க. கையெழுத்து போட தெரியாத முரடங்க கூடி செஞ்ச காரியம் இல்ல அது, உலகத்துலயே நல்ல யுனிவர்சிட்டிகள்ல படிச்சவங்க, சட்டம் தெரிஞ்சவங்க, ஒரு மீட்டிங்க எப்படி ஒழுங்கா நடத்தணும்னு தெரிஞ்சவங்க. படிப்பு அவங்களுக்கு திறமைய குடுத்துச்சு, அந்த திறமை எதுக்கு, யார் மேலன்னு கேக்கற பழக்கத்த குடுக்கல. படிப்பு ஏறினா மனசு தானா பண்படும்னு இன்னும் நம்பறவங்களுக்கு இந்த ஒரு தகவல நான் எப்பவும் சொல்லுவேன்.

அப்ப நீதிபோதனை பீரியட் வச்சா சரியாயிடுமா? அதுக்கும் ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கு. டார்லி, பேட்ஸன்னு ரெண்டு உளவியல் ஆளுங்க 1973ல வெளியிட்டது. பிரின்ஸ்டன்ல பாதிரியார் ஆகறதுக்கு படிக்கற மாணவர்கள ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்கு போய் ஒரு சின்ன உரை நிகழ்த்த சொன்னாங்க. சில பேருக்கு குடுத்த தலைப்பே நல்ல சமாரியன் கதை, அதாவது வழில அடிபட்டு கிடந்தவனுக்கு ஒருத்தன் நின்னு உதவி பண்ண கதை. போற வழில ஒருத்தர் சுருண்டு உக்காந்து இருமிக்கிட்டு முனகிக்கிட்டு இருப்பாரு, அவர் ஆராய்ச்சிக்காக நடிக்கறவர். யார் நிக்கறாங்கன்னு பாத்தா, நேரம் நிறைய இருக்குன்னு சொல்லி அனுப்பினவங்கள்ல 63 சதவீதம் பேர் உதவி பண்ணாங்க, கொஞ்சம் அவசரத்துல 45 சதவீதம், லேட் ஆயிடுச்சு ஓடுங்கன்னு சொல்லி அனுப்பினவங்கள்ல வெறும் 10 சதவீதம். உரையோட தலைப்பு கருணைய பத்தியா வேற எதையாவது பத்தியாங்கறது சொல்லிக்கற அளவுக்கு எந்த வித்தியாசமும் பண்ணல. அதாவது கருணைய பத்தி பேச போற அவசரத்துல கருணைய தாண்டி போயிட்டாங்க.

இத படிச்சிட்டு மனுஷங்களே மோசம்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அப்படி தோணல. அவசரம்ங்கறது எவ்வளவு பெரிய வாத்தியார்ங்கறதுதான் இதுல இருக்கற பாடம். காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி, ட்யூஷன், ஸ்கூல், மறுபடி ட்யூஷன், ராத்திரி ஹோம்வொர்க்னு பத்து வருஷம் ஒரு குழந்தைய ஓட விட்டா, நாம அதுக்கு கெமிஸ்ட்ரி மட்டும் சொல்லித்தரல, நிக்காத, திரும்பி பாக்காத, பக்கத்துல இருக்கறவன் உன் போட்டியாளன்னும் சேத்து சொல்லித்தர்றோம். இதத்தான் அமெரிக்க கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1938லயே சொன்னாரு, ஒரு மாணவன் அந்த நேரத்துல படிக்கற பாடத்த மட்டும்தான் கத்துக்கறான்னு நினைக்கறது பெரிய தப்பு, கூடவே அவன்கிட்ட உண்டாகற விருப்பு வெறுப்பு, மனப்பான்மை எல்லாம்தான் கடைசி வரைக்கும் நிக்கும்னு. 1968ல ஃபிலிப் ஜாக்ஸன்னு ஒரு கல்வி ஆராய்ச்சியாளர் இதுக்கு ஹிட்டன் கரிகுலம்னு பேரு வச்சாரு, மறைமுக பாடத்திட்டம். வரிசைல காத்திருக்கறது, புகழ்ச்சிக்கு ஏங்கறது, அதிகாரத்துல இருக்கறவங்க முகம் பாத்து நடக்கறது, இதெல்லாம் டைம்டேபிள்ல இல்லாமலே தினமும் நடக்கற பாடங்கள். ஒரு டீச்சர் தப்பா பதில் சொன்ன பையன கிண்டல் பண்ணா அந்த வகுப்புல இருக்கற நாப்பது பேரும் தெரியலன்னா வாய திறக்காதங்கற பாடத்த அன்னிக்கே கத்துக்கிட்டாங்க, அது அவங்க வேலைக்கு போய் மீட்டிங்ல உக்காரும்போதும் கூட வரும்.

மார்க்கும் ஒரு மறைமுக பாடம்தான். 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் சின்ன குழந்தைங்க கிட்ட ஒண்ணு செஞ்சு பாத்தாங்க. படம் வரையறதுல ஏற்கனவே ஆசை இருக்கற குழந்தைங்கள்ல ஒரு குழுகிட்ட மட்டும் வரைஞ்சா அழகான சர்ட்டிஃபிகேட் தருவோம்னு முன்னாடியே சொல்லி குடுத்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு பரிசு எதுவும் இல்லாத நேரத்துல பாத்தா, அந்த குழு வரையறதுல செலவு பண்ண நேரம் மத்தவங்கள விட பாதிக்கு கிட்ட குறைஞ்சு போச்சு. சொல்லாம திடீர்னு பரிசு குடுத்த குழுவுக்கு இந்த பாதிப்பு இல்ல. ஆசைக்காக செஞ்ச வேலை பரிசுக்காக செய்யற வேலையா மாறின உடனே பரிசு இல்லாத இடத்துல அந்த வேலைக்கு அர்த்தம் போயிடுது. டிகிரி வாங்கின அன்னிக்கு புத்தகத்த மூடி வச்சவங்க ஏன் அதுக்கு அப்புறம் ஒரு புத்தகமும் திறக்கறதில்லங்கறதுக்கு பாதி காரணம் இதுதான்னு நான் நம்பறேன்.

சரி, மார்க்க தாண்டி ஒண்ணு இருக்குன்னு சொல்றீங்களே, அதுக்கு ஆதாரம் இருக்கான்னு கேட்டா, இருக்கு. 1962ல அமெரிக்கால மிச்சிகன் மாநிலத்துல பெரி ப்ரீஸ்கூல்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. ஏழை குடும்பத்து குழந்தைங்க 123 பேர், அதுல 58 பேருக்கு மட்டும் நல்ல முன்பள்ளி, வாராவாரம் டீச்சர் வீட்டுக்கே வந்து அம்மாகிட்டயும் பேசுவாங்க. அங்க குழந்தைங்க தான் என்ன செய்யப்போறேன்னு முதல்ல சொல்லணும், செய்யணும், அப்புறம் என்ன ஆச்சுன்னு திரும்பி பாத்து பேசணும். இந்த குழந்தைங்களோட ஐக்யூ முதல்ல ஏறுச்சு, அப்புறம் சில வருஷத்துல மத்தவங்க அளவுக்கே வந்துடுச்சு. டெஸ்ட் மார்க்க மட்டும் பாத்திருந்தா திட்டம் தோல்வின்னு மூடி வச்சிருப்பாங்க. ஆனா விடாம 40 வயசு வரைக்கும் அவங்கள தொடர்ந்து பாத்தாங்க, ஸ்கூல் முடிச்சவங்க அதிகம், வேலைல இருக்கறவங்க அதிகம், வருமானம் அதிகம், போலீஸ் கேஸ் கம்மி. ஐக்யூல நிக்காம போன ஒண்ணு நடத்தைல நின்னுடுச்சு, ஒரு காரியத்த ஆரம்பிச்சா முடிக்கறது, கோவத்த அடக்கறது, கூட இருக்கறவங்களோட ஒத்துப்போறது. இந்த தகவல்கள ஆராய்ஞ்சவங்கள்ல ஜேம்ஸ் ஹெக்மன் ஒருத்தர், பொருளாதாரத்துல நோபல் வாங்கினவர். டீச்சர் விஷயத்துலயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு, மாணவர்களோட மார்க்க ஏத்தற டீச்சரும், அவங்க வருகை, நடத்தை மாதிரி விஷயங்கள மேம்படுத்தற டீச்சரும் பல சமயம் ஒரே ஆள் இல்ல, ரெண்டாவது வகை டீச்சரோட தாக்கம் மார்க்க மட்டும் பாத்தா கண்ணுக்கே தெரியாது, பின்னாடி ஸ்கூல் முடிக்கறாங்களாங்கறதுல தெரியும்னு கிராபோ ஜாக்ஸன்னு ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளர் 2018ல காட்டினாரு.

இந்த இடத்துல ஒரு விஷயத்த அழுத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா இதெல்லாம் பேச ஆரம்பிச்சாலே "அப்ப படிப்பே வேஸ்ட், டிகிரி வெறும் பேப்பர், அவர் காலேஜ் முடிக்கல இவர் ஸ்கூலே போகல"ன்னு ஒரு பேச்சு கிளம்பும். அது எனக்கு கோவம் வர வைக்கற பேச்சு. ஒரு ஏழை வீட்டு பிள்ளைக்கு இந்த பேப்பர்தான் முதல் கதவு, அந்த கதவ தாண்டி உள்ள வந்து உக்காந்தவங்க வெளிய நிக்கறவங்கள பாத்து கதவு முக்கியமில்லன்னு சொல்லக்கூடாது. அதுமட்டும் இல்ல, பாட அறிவு இல்லாம சிந்தனைன்னு தனியா ஒண்ணு கிடையாது. 1988ல ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேர் மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் மேட்ச் பத்தின பகுதிய படிக்க குடுத்தாங்க. வாசிப்பு திறன்ல பின்தங்கினவங்கதான், ஆனா பேஸ்பால் நல்லா தெரிஞ்சவங்க, நல்லா வாசிக்க தெரிஞ்சும் பேஸ்பால் தெரியாதவங்கள விட அத நல்லா புரிஞ்சிக்கிட்டு சொன்னாங்க. விஷயம் தெரிஞ்சாதான் யோசிக்க பிடி கிடைக்கும். "கிரிட்டிக்கல் திங்கிங்" மட்டும் தனியா மூணு நாள் வொர்க்‌ஷாப்ல சொல்லித்தர்றோம்னு சொல்றவங்கள நான் நம்பறதில்ல.

ஸ்கூலுக்கு போகாம சாதிச்சவர்னு எல்லாரும் சொல்ற மைக்கேல் ஃபாரடேயவே எடுத்துக்கங்க. புக் பைண்டிங் கடைல வேலை கத்துக்க சேந்த பையன், பள்ளிப்படிப்பு ரொம்ப கம்மி, உண்மைதான். ஆனா பைண்டிங்குக்கு வந்த புத்தகங்கள உக்காந்து படிச்சாரு, கைக்கு எட்டின அளவுக்கு சோதனை செஞ்சு பாத்தாரு, 1812ல வேதியியல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியோட சொற்பொழிவுகளுக்கு போய் ஒவ்வொண்ணையும் விரிவா எழுதி படம் வரைஞ்சு அத பைண்ட் பண்ணி டேவிக்கே அனுப்பினாரு, 1813ல லண்டன்ல இருக்கற ராயல் இன்ஸ்டிட்யூஷன்ங்கற அறிவியல் நிறுவனத்துல உதவியாளரா சேந்தாரு, 1831ல மின்காந்த தூண்டல, அதாவது மாறற காந்தப்புலத்தால மின்சாரம் உண்டாகறத கண்டுபிடிச்சாரு. இதுல படிப்பு இல்லைன்னு யார் சொல்ல முடியும்? கட்டடம்தான் இல்ல, படிப்பு சாதாரண மாணவன விட பல மடங்கு இருந்துச்சு. அவர் கிட்ட இருந்த அந்த ரெண்டாவது பகுதி, படிச்சத கையால செஞ்சு பாக்கறது, கேட்டத தன் வார்த்தைல எழுதி பாக்கறது, அதுதான் நான் சொல்ற இடைவெளிய குறைக்கற வேலை.

எதிர்பக்கமும் சொல்லணும். 1847ல வியன்னா பொது மருத்துவமனைல இக்னாஸ் செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர், பிரசவத்துக்கு வந்த பெண்கள் காய்ச்சல்ல சாகறத பாத்து துடிச்சாரு. டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பாத்த வார்டுல சாவு பத்து சதவீதத்துக்கு கிட்ட, மருத்துவச்சிகள் பாத்த வார்டுல அதுல பாதி கூட இல்ல. பிணத்த அறுத்து படிச்சிட்டு அதே கையோட பிரசவம் பாக்க வர்றதுதான் காரணம்னு கண்டுபிடிச்சு குளோரின் கலந்த தண்ணில கை கழுவ வச்சாரு, சாவு மளமளன்னு குறைஞ்சுது. ஆனா அன்னிக்கு இருந்த பெரிய பெரிய டாக்டர்கள்ல பலபேர் அத ஏத்துக்கல. நம்ம கையாலயா செத்தாங்கங்கற கேள்விய அவங்களால தாங்கிக்க முடியல. படிச்சவங்களுக்கு வர்ற பெரிய சோதனை இதுதான், புதுசா தெரிஞ்சிக்கறது இல்ல, ஏற்கனவே தெரிஞ்சது தப்புன்னு தெரியும்போது அத விடறது. தான் நினைச்சது தப்புன்னு ஒத்துக்கறதால கௌரவம் போயிடாதுன்னு ஒரு வகுப்பறை சொல்லித்தந்துச்சுன்னா அந்த வகுப்பறை எந்த பாடத்த நடத்தினாலும் சரி, அங்க கல்வி நடக்குது.

இன்னொரு பரிமாணம் இருக்கு, அத பேசாம விட்டா பதில் முழுசாகாது. 1963ல பிரேசில்ல ஆங்கிகோஸ்ங்கற ஊர்ல பாவ்லோ ஃப்ரெய்ரேங்கற கல்வியாளர் தலைமைல ஒரு குழு, எழுத படிக்க தெரியாத 300 விவசாய தொழிலாளிங்களுக்கு 40 மணி நேரத்துல எழுத்தறிவு குடுத்தாங்க. அகர வரிசைல ஆரம்பிக்கல. அந்த மக்களோட அன்றாட பேச்சுல இருக்கற வார்த்தைகள எடுத்து, உதாரணமா செங்கல்னு ஒரு வார்த்தைன்னா அத யார் செய்யறாங்க, யார் சுமக்கறாங்க, கட்டற வீட்டுல யார் இருக்காங்கன்னு முதல்ல பேசுவாங்க, பேசி முடிச்சுதான் அந்த வார்த்தைய எழுத்தா பிரிக்கறது. எழுத படிக்க தெரியாதவங்களுக்கு அங்க அப்ப ஓட்டுரிமையே கிடையாதுங்கறத சேத்து யோசிச்சு பாருங்க. 1964ல ராணுவ ஆட்சி வந்ததும் ஃப்ரெய்ரேவ சிறைல போட்டாங்க, அப்புறம் நாட்ட விட்டே போக வேண்டியதாச்சு. எழுத்து சொல்லித்தந்ததுக்கு யாரும் சிறைல போட மாட்டாங்க, தன் நிலைமை இப்படி இருக்கறது இயற்கை இல்ல, மனுஷங்க செஞ்சது, அதனால மனுஷங்க மாத்தவும் முடியும்னு ஒருத்தர் புரிஞ்சிக்கறார் பாருங்க, அதுக்குதான் பயம். கல்விங்கறது தன் வாழ்க்கைய தானே வாசிக்க தெரியறதும்தான்.

1996ல ஜாக் டெலோர்ஸ்னு ஒரு பிரெஞ்சு அரசியல் தலைவர் தலைமைல, ஐ.நா.வோட கல்வி அமைப்பான யுனெஸ்கோவுக்கு ஒரு அறிக்கை குடுத்தாங்க, கல்விக்கு நாலு தூண்னு சொல்லி: தெரிஞ்சிக்க கத்துக்கறது, செய்ய கத்துக்கறது, கூடி வாழ கத்துக்கறது, தானா இருக்க கத்துக்கறது. நாம எக்ஸாம்ல அளக்கறது முதல் தூண, அதுலயும் ஒரு ஓரத்த. வள்ளுவர் கல்விக்கு ஒரு அதிகாரம் வச்சிட்டு கேள்விக்கு, அதாவது கேட்டு தெரிஞ்சிக்கறதுக்கு தனியா, அறிவுடைமைக்கு தனியா வச்சிருக்காரே, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு தானா வந்துடும்னு அவர் நினைக்கலங்கறது அந்த அமைப்பிலயே தெரியுது.

இனி நடைமுறைக்கு. வீட்டுல இருக்கறவங்களுக்கு நான் சொல்றது, குழந்தை எவ்வளவு மார்க் வாங்குச்சுன்னு கேக்கறத நிறுத்த வேண்டாம், அது நடக்காது, ஆனா அதோட சேத்து இன்னிக்கு எது புரியல, யார்கிட்ட கேட்ட, கேட்டப்ப என்ன சொன்னாங்கன்னும் கேளுங்க. புரியலங்கற வார்த்தைக்கு வீட்டுல மரியாதை இருக்கணும். ஒரு வீட்டு வேலைய முழு பொறுப்போட அதுகிட்ட குடுங்க, பாதில பிடுங்காதீங்க, சொதப்பினாலும் அதுவே சரி பண்ணட்டும், திட்டம் போட்டு செஞ்சு திரும்பி பாக்கற அந்த பெரி ஸ்கூல் விஷயம் வீட்டுலயும் இப்படித்தான் நடக்கும். வாரத்துல கொஞ்ச நேரமாவது எதுவும் திட்டமிடாத நேரமா விடுங்க, நின்னு பாக்க நேரம் இல்லாத குழந்தை எதையும் நின்னு பாக்காது. அப்புறம் முக்கியமா, வீட்டு வேலைக்கு வர்றவங்க, டெலிவரி குடுக்க வர்றவங்க கிட்ட நீங்க எப்படி பேசறீங்கங்கறதுதான் நீதிபோதனை வகுப்பு, வேற வகுப்பு கிடையாது.

டீச்சர்கள் கையில சிலபஸ மாத்தற அதிகாரம் இல்ல, எனக்கும் இல்ல. ஆனா ஒரு பாடத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இத பத்தி நீங்க இப்ப என்ன நினைக்கறீங்கன்னு அஞ்சு நிமிஷம் பசங்கள பேச விடறதுக்கு யாரும் தடை சொல்றதில்ல. அந்த அஞ்சு நிமிஷத்துலதான் ரெண்டாவது அலமாரி திறக்கும். தப்பான பதில் வந்தா அது எங்க இருந்து வந்துச்சுன்னு தேடுங்க, பெரும்பாலும் அதுக்குள்ள ஒரு நியாயமான யோசனை இருக்கும், பருவகாலத்துக்கு தூரத்த காரணமா சொன்னவங்க கிட்ட நெருப்பு பத்தின சரியான அனுபவம் இருந்த மாதிரி.

படிப்பு முடிச்சு வேலைக்கு போய் பல வருஷம் ஆனவங்க, எனக்கு இனி என்னன்னு கேக்கறாங்க. உங்களுக்குதான் இது சுலபம், எக்ஸாம் இல்ல, மார்க் இல்ல, யாருக்கும் காட்ட வேண்டியதில்ல. நீங்க உறுதியா நம்பற ஒரு கருத்த எடுத்து, எது நடந்தா இது தப்புன்னு ஒத்துக்குவேன்னு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, எதுவுமே தோணலைன்னா அந்த கருத்த நீங்க யோசிச்சு அடையலன்னு தெரிஞ்சிக்கலாம். உங்க துறைக்கு சம்பந்தமே இல்லாத ஒரு கைவேலைய முதல்ல இருந்து கத்துக்கங்க, தெரியாதவனா இருக்கறது எப்படி இருக்கும்ங்கறது ஞாபகம் வந்தாதான் உங்க கிட்ட கத்துக்க வர்றவங்க மேல பொறுமை வரும். அப்புறம் ஒருத்தரோட கருத்த மறுக்கறதுக்கு முன்னாடி, ஆமா இதத்தான் நான் சொன்னேன்னு அவரே ஒத்துக்கற மாதிரி அத உங்க வாயால ஒருதடவ சொல்லுங்க. பன்னெண்டு பதிமூணு வயசு பசங்க கிட்டயும் இதையே செய்யுங்க, அந்த வயசுல அவங்க சொல்றத அந்த அளவுக்கு கவனமா கேக்கற பெரியவங்க அவங்களுக்கு ரொம்ப கம்மியாதான் கிடைக்கறாங்க.